ஈரத்துணி டீச்சரின் தபால்காரி

எனக்கு மூக்குச்சளி ஆகாது. யாருக்குத்தான் ஆகும் என்று கேட்பீர்கள். என் கதை வேறு. பார்த்தாலே குமட்டிக்கொண்டு வரும், மத்தியானச் சோறு தொண்டையில் இறங்காது. அதனால்தான் வேலையில் சேர்ந்த அன்றே, "ஒண்ணாம் வகுப்பு மட்டும் வேண்டாம் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஹெச்.எம். காலில் விழாத குறையாகக் கேட்டு இரண்டாம் வகுப்பை வாங்கிக்கொண்டேன். நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வருடமாக நகராமல் இருந்தவர் ஈரத்துணி டீச்சர்.

அந்தப் பெயர் வந்தது அவர் தோளில் எந்நேரமும் கிடக்கும் துணியால். அந்தத் துணியாலேயே பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பார், பலகையைத் துடைப்பார், கொட்டிய தண்ணீரைத் துடைப்பார், சில நாள் வாந்தியையும் துடைப்பார். எது முதலில், எது பிறகு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாது.

"கையக் கழுவினீங்களா டீச்சர்?" என்று டிபன் பாக்ஸைத் திறக்குமுன் தினமும் கேட்பேன்.

"ரெண்டு தடவ கழுவிட்டேன். வேணும்னா மோந்து பாருங்க" என்று கையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். சீ! அதற்குப் பிறகு என் சோறு எனக்கு வேண்டாததாகிவிடும். அவர் சிரித்துக்கொண்டே என் பொரியலையும் சேர்த்துச் சாப்பிடுவார்.

முதலில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவராம். கல்யாணமாகி இரண்டு பெண் பிறந்த பிறகு, பெரியவளோடு உட்கார்ந்து படித்து டீச்சர் டிரெய்னிங் முடித்தார். கணவர் லேத் பட்டறையில் வேலை. ஒருமுறை மனைவியைக் கூட்டிப்போகப் பள்ளிக்கு வந்தவர், "வீட்ல என் மூக்கையும் தொடச்சு விடறா டீச்சர், இந்தக் கொடுமைய நான் யார்கிட்ட சொல்ல" என்றார். மனிதர் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

எல்லா வகுப்பிலும் நோட்டுக் கொடுக்கும் வேலை முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்குத்தான் போகும். என் வகுப்பிலும் அப்படித்தான். இவர் வகுப்பில் தலைகீழ். யாருக்கு ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லையோ அந்தப் பிள்ளைக்குத்தான் அந்த உத்தியோகம். அதற்குத் தபால்காரர் என்று பெயர். நாற்பத்தொரு நோட்டு. அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து அவரவரிடம் சேர்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் யாரும் சிரிக்கக் கூடாது. வாங்கிய பிள்ளை கையைத் தூக்கி, "தபால் மாறிடுச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் "தபால் மாறிடுச்சு, தபால் மாறிடுச்சு" என்று ஒரே கூச்சல். என் பாடம் நாசமாகும். ஆனால் நாற்பது பெயர் தெரிந்துவிட்டால் பாதி எழுத்து தெரிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. எந்தப் பிள்ளை எப்படி எழுதுகிறது, யார் கோட்டைத் தாண்டுகிறார்கள், யார் பென்சிலை அழுத்தித் தாளைக் கிழிக்கிறார்கள் என்பது வரை தபால்காரருக்கு அத்துப்படியாகிவிடும்.

போன வருடத் தபால்காரி பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவள். அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவர். அதற்குமுன் இரண்டு பள்ளிகளில் 'இது தேறாது' என்று கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் நாளே வாசலில் என் புதுப் புடவைமேல் வாந்தி எடுத்தாள். நான் போட்ட கூச்சலில் காக்கை பறந்தது. ஈரத்துணி டீச்சர் ஓடிவந்து முதலில் அவள் வாயைத் துடைத்தார். அதே துணியோடு என் புடவைக்கு வந்தபோது நான் எகிறிக் குதித்தேன்.

அவள் வந்த மூன்றாம் மாதமே ஹெச்.எம். முடிவு கட்டிவிட்டார். "இந்த ஊமைக் கோட்டான் நம்ம ரிசல்ட்டையே கெடுத்துடும். வருஷக் கடைசில டி.சி.யக் கிழிச்சுக் குடுத்துடலாம்."

அவள் அம்மா ஈரத்துணி டீச்சரிடம் வந்து நின்றார். கை இரண்டும் சலவைச் சோடாவில் ஊறி வெளுத்துத் தோலுரிந்திருந்தது. "இங்கயும் வேணாம்னுட்டா நா எங்க டீச்சர் போவேன்? அடுத்த ஸ்கூலு ரெண்டு பஸ் மாறிப் போகணும். எனக்கு ஆறு மணிக்கு ட்யூட்டி. இவள வீட்ல பூட்டி வச்சிட்டுத்தான் போகணும்."

ஈரத்துணி டீச்சர் நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார். நானும் அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆபீசர் வர்ற அன்னிக்கு அவ எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டா?"

"வாசிச்சா தாராளமா இருக்கட்டும் டீச்சர். நான் என்ன ராட்சசனா?" என்று பல்லைக் காட்டிய ஹெச்.எம்., அடுத்த மூச்சிலேயே, "ஆனா அன்னிக்கு அவ ஸ்கூலுக்கே வரக் கூடாது. லீவு போடச் சொல்லிடுங்க" என்றார். எந்த ஊர் நியாயம் இது? கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அருவருப்பாக இருந்தது. மை உலர ஊதிவிட்டு வந்துவிட்டேன்.

கல்வி ஆபீசர் வரவிருந்தது ஒரு கேடயத்துக்காக. எந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சிறப்பாக இருக்கிறதோ அந்தப் பள்ளிக்கு ஒரு கேடயம் கொடுப்பார்களாம். சுவர் நிறையப் பிள்ளைகள் எழுதிய தாள்கள் ஒட்டியிருக்க வேண்டும். 'எங்கள் வகுப்பு' என்று தலைப்பு. ஈரத்துணி டீச்சர் பிள்ளைகளை எழுதவிட்டார். எழுதினார்கள், பார்க்கத்தான் சகிக்கவில்லை. எண்ணெய்க் கறை, எச்சில் தொட்டு அழித்த ஓட்டை, ஒருவன் தாளில் மூக்கைத் துடைத்திருந்த அடையாளம் வேறு. 'இவன் என்னைக் கடித்தான்' என்று ஒன்று. 'டீச்சர் துணி நாறும்' என்று இன்னொன்று. அதைப் படித்து நான் மட்டும்தான் வாய்விட்டுச் சிரித்தேன். தபால்காரியின் தாளில் வாக்கியமே இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் நாற்பது பெயர்களை எழுதி வைத்திருந்தாள். ஒரு பெயரும் தப்பில்லை.

"என்ன கண்றாவி இது, ஓட்டர் லிஸ்ட்டா?" என்று ஹெச்.எம். அதைக் கசக்கினார். பிறகு அதோடு மொத்தத் தாள்கட்டையும் அலமாரிக்குப் பின்னால் தூக்கி எறிந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நம்ம ஸ்கூல்லயே உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு. நாற்பது தாள். இடது கையால எழுதுனீங்கன்னா சின்னப் பிள்ளைங்க எழுதுன மாதிரியே வரும். அந்த ஊமைக்கு வேண்டாம், அவதான் வரமாட்டாளே."

முத்து முத்தாக இருக்கிறதாம். அந்த ஒரு சொல்லுக்கு நான் மயங்கினேன், வெட்கம் கெட்டவள். தினமும் காலையில் எல்லா வகுப்புப் பலகையிலும் தேதியும் ஒரு நல்ல வாக்கியமும் எழுதுவது என் வேலை. ஒன்றாம் வகுப்பில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிவிட்டு ஓடிவருவேன். அந்தக் கர்வத்தில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, இடது கையால், நாற்பது பிள்ளைகளின் பெயரில் 'எங்கள் வகுப்பு எனக்குப் பிடிக்கும்' என்று எழுதித் தள்ளினேன். நடுவில் சில எழுத்தை வேண்டுமென்றே கோணலாக்கினேன். இரண்டு தாளில் எச்சில் தொட்டு அழிக்கவும் செய்தேன். என் சொந்த எச்சில்! தூ.

ஈரத்துணி டீச்சர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆபீசர் வந்த நாளில் தபால்காரி முதல் ஆளாக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் அம்மாவிடம் லீவைப் பற்றி மூச்சே விடவில்லை போலிருக்கிறது. ஹெச்.எம். முகம் வேப்பெண்ணெய் குடித்தது போலானது. ஆபீசர் உள்ளே வந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என்னையும் வேடிக்கை பார்க்க அழைத்துவந்து கதவோரம் நிறுத்தியிருந்தார்கள்.

ஆபீசர் ஒரு பையனைக் கூப்பிட்டார். "இதுல உன்னோடது எது தம்பி?"

அவன் சுவரை மேலும் கீழும் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "தெரியல சார். தபால்காரியக் கேளுங்க. அவதான் எல்லாருக்கும் குடுப்பா."

"ஆமா சார், அவளுக்குத் தெரியும்!" என்று வகுப்பே கத்தியது.

தபால்காரி எழுந்தாள். ஈரத்துணி டீச்சரைப் பார்த்தாள். அவர் எப்போதும்போல், "தபால் குடும்மா" என்றார். அவள் சுவரிலிருந்து முதல் தாளை உருவினாள். அதிலிருந்த பெயரைச் சத்தமாக வாசித்தாள். பெயருக்குரிய பையன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"பேரு இவனோடது. எழுத்து இவனோடது இல்ல."

நேராகக் கதவோரம் நடந்துவந்தாள். "இது உங்களோடது டீச்சர்" என்று என் கையில் வைத்தாள். "'கு' போட்டா வாலு மேல போயிச் சுத்திக்கும். போர்டுலயும் நீங்க அப்படித்தான் போடுவீங்க."

நாற்பது தாளிலும் அந்த வால் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு நாளாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

அவள் நிறுத்தவில்லை. அடுத்த தாள், அடுத்த பெயர், சத்தமாக. "இதுவும் உங்களோடது டீச்சர்." அடுத்தது. "இதுவும்." ஒவ்வொரு முறையும் நடந்துவந்து கொடுத்தாள். பத்தாவது பெயரில் வகுப்பும் அவளோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நான் ஒவ்வொரு தாளையும் விரல் நுனியில் வாங்கினேன். எந்தச் சளியையும் நான் அவ்வளவு அருவருத்ததில்லை. ஹெச்.எம். மூஞ்சியில் ஈயாடவில்லை. நாற்பதாவது தாளையும் என் கையில் வைத்துவிட்டு, அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பசைக்கறைதான் மிச்சம்.

"எனக்கு மட்டும் எழுதலையா டீச்சர்?" என்றாள்.

கோபமில்லை, குத்தலில்லை. தபால் வராத பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள்.

ஆபீசர் என்ன செய்தார் என்கிறீர்களா? சிரித்தார்! "விடுங்க, எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான்" என்று ஹெச்.எம். முதுகில் தட்டிவிட்டு டீ எங்கே என்று கேட்டார். இதற்கு அவர் திட்டியிருந்தாலே கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஈரத்துணி டீச்சர் அவர்களை வாசலைத் தாண்டவிடவில்லை. "சார், நாற்பது பேரையும் வாசிச்சுட்டா. வாசிச்சா இருக்கட்டும்னு ஹெச்.எம். சார் வாக்குக் குடுத்திருக்காரு. உங்க முன்னாடியே ஒரு தடவ சொல்லிடச் சொல்லுங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் ஹெச்.எம். அசடு வழிய. ஆபீசர் பார்வையாளர் நோட்டில் 'ஒன்றாம் வகுப்பு வாசிப்பு நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேடயம் வேறு எங்கோ போனது. அங்கே யார் இடது கையால் எழுதினார்களோ!

அவர்கள் டீ குடிக்கப் போனதும் ஈரத்துணி டீச்சர் அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டு, ஒட்டடையோடு அந்த அழுக்குத் தாள்கட்டை இழுத்தார். தோளிலிருந்த துணியால் ஒவ்வொரு தாளாகத் துடைத்தார். தபால்காரி வாங்கி வாங்கிக் கொடுத்தாள். ஒருமுறைகூட 'தபால் மாறிடுச்சு' என்று குரல் வரவில்லை. கசங்கிய தன் தாளை மட்டும் கடைசியில் தொடையில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். நான் என் நாற்பதைச் சுமந்துகொண்டு என் வகுப்புக்குப் போனேன்.

வருடம் முடிந்தது. அவள் பாஸ். நாளைக் காலையில் இரண்டாம் வகுப்பு ஆரம்பம், என் வகுப்பு. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் பலகையில் எழுதும் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன கேட்டாலும் சமாளித்துவிடலாம். அன்றைக்குக் கேட்டதையே மறுபடியும் கேட்டுவிட்டால் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.