பொட்டு வரைக்கும் கடல்

அந்தக் கண்ணாடித் தொட்டியை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அதில் இருந்த உயிர்கள் அல்ல, அதன் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கர் பொட்டுதான். அரக்கு நிறம், மிளகளவு. ஒட்டியவர் எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர். பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் சமையலக்கா. அந்தப் பொட்டு எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தால், நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராகப் போயிருந்தேன். சொந்த ஊர் கணியம்பாடி என்பதால் சனி ஞாயிறு கீழே வந்துவிடுவேன். ஒருநாள் வகுப்பில் கடல் பாடம் நடத்தும்போது, கடலைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன. அந்த வாரம்தான் குளிர் நாட்டுக்காரர் ஒருவரின் வீடியோ பார்த்திருந்தேன். கடற்கரைப் பாறை இடுக்குகளில் கிடைக்கும் சின்ன உயிர்களைத் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி எதுவும் இல்லாமல் வீட்டுத் தொட்டியிலேயே வளர்த்துக் கொண்டிருந்தார். வேலூர் வெயிலில் இதை நினைத்தே பார்க்க முடியாது. மலைதான் குளிர்ச்சியாயிற்றே, இங்கே ஏன் முடியாது என்று தோன்றியது. குளிர் நாட்டுக் கடல் உயிர் வேறு, நம் கடல் உயிர் வேறு என்பது அப்போது உறைக்கவில்லை.

என் மச்சான் புதுச்சேரியிலிருந்து வேலூருக்கு மீன் வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் சொல்லி வைத்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், தண்ணீர் கேன்களில் கடல்நீரும், தெர்மாகோல் பெட்டியில் வலையோடு வந்த ஒரு கல்லும் கொண்டுவந்து கொடுத்தார். கல்லில் கட்டைவிரல் பருமனில், பூப்போல விரியும் பிராணியான ஒரு கடல் சாமந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே நான்கைந்து நத்தைகளும், செத்த சங்குக்குள் குடியிருக்கும் இரண்டு துறவி நண்டுகளும். எல்லாவற்றையும் அமிர்தி வழியாக மலைக்குப் போகும் பேருந்தில் ஏற்றினேன்.

"கேன்ல இன்னா சார்?" என்றார் நடத்துனர்.

"கடல் தண்ணி."

"மேலயா எடுத்துனு போறீங்க?" என்று கேட்டவர், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேன்களுக்கும் சேர்த்துச் சீட்டுக் கிழித்தார்.

இரண்டடித் தொட்டியை வகுப்பறை ஜன்னலோரம் வைத்து, கழுவிய மணலைப் பரப்பி, காற்றுக் குமிழ் விடும் மோட்டாரைப் பொருத்தினேன். மூடிக் கிடந்த சாமந்தி மூன்றாம் நாள் விரிந்தது. பழுப்புத் தண்டின் மேல் பச்சை நூல்களாக ஒரு வட்டம். பள்ளிக்கூடமே வந்து பார்த்தது. முந்தானையில் கை துடைத்துக்கொண்டே சமையலக்காவும் வந்தார். மலையிலேயே பிறந்து, மலையிலேயே வாழ்க்கைப்பட்டு, சாமையும் புளியும் பார்த்துக்கொண்டிருந்தவர், கடலைக் கண்டதில்லை. சங்கு ஒன்று கால் முளைத்து நடப்பதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இத எப்ப சார் கொழம்பு வெப்பீங்க?"

"குழம்புக்கு இல்லக்கா. வளர்க்கிறதுக்கு."

"சும்மாவா?" என்றார். அப்புறம் விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. அன்றிலிருந்து தினமும் அடுப்பு அணைந்ததும் வந்து, ஒரு சொட்டைத் தொட்டு ருசி பார்த்துவிட்டு நிற்பார். சாமந்திக்கு வாய் எது, அதற்குத் தூக்கம் உண்டா என்று அவர் கேட்ட பாதிக் கேள்விகளுக்கு நான் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.

மலைக்காற்றில் தொட்டியின் தண்ணீர் வேகமாகக் குறைந்தது. குறையக் குறைய நான் கேனிலிருந்து கடல்நீரை ஊற்றி நிரப்பினேன். கேன் தீர்ந்தால் மச்சான் அடுத்ததைத் தருவார். புரட்டாசி பிறந்தபோது நத்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு நண்டு சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. சாமந்தி புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பிள்ளைகள் முன்னால் தோற்றுப்போன கோபம் எனக்கு. அன்று சமையலக்கா வழக்கம்போல் விரலைத் தண்ணீரில் வைத்தபோது அது வெடித்தது.

"சமையக்கட்டுக் கையை இதுல வைக்காதீங்கன்னா கேக்கறீங்களா? எண்ணெய், மொளகா, எது பட்டுச்சோ. நீங்கதான் இதக் கொன்னுட்டீங்க."

வகுப்பு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விரலை மெதுவாக எடுத்தார்.

"நா ஒண்ணும் போடல சார். நீங்கதான் தெனம் உப்பு போட்டுனே கீறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை.

நான் எங்கே உப்புப் போட்டேன்? இரண்டு நாள் எரிச்சலோடு திரிந்தேன். மூன்றாம் நாள் ஆறாம் வகுப்பில் ஆவியாதல் பாடம். உப்புநீர் காய்ந்தால் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு தங்கிவிடும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த என் கை பாதி வரியில் நின்றது. வகுப்பு முடிந்ததும் ஆய்வகத் தராசை எடுத்து, ஒரே குடுவையில் கேன் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் மாறி மாறி நிரப்பி எடை பார்த்தேன். தொட்டித் தண்ணீர் கனமாக இருந்தது. காற்று கொண்டுபோனது வெறும் நீரை. நானோ அதற்குப் பதிலாக உப்புநீரைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வருடா வருடம் நான் நடத்தும் பாடம்.

சமையல் கூடத்துக்குப் போனேன். சமையலக்கா சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"தப்பு என்னோடதுக்கா. எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"கொழம்பு சுண்டுனா உப்பு ஏறாதா சார்? இதுக்கு இன்னா படிப்பு வேணும்?" என்றார். குரலில் இளக்கம் இல்லை. பிறகு ஒரு சொம்பில் ஊற்றுத் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். "ஒரேடியா ஊத்தாதீங்க. பயந்துக்கும். வேளைக்கு ஒரு டம்ளர்."

வகுப்பில் எல்லாரும் இருக்கும்போது சமையலக்காவை அழைத்து மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அன்றுதான் தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அது அவர் வேலை. பத்து நாளில் சாமந்தி மறுபடி விரிந்தது.

மார்கழியில் அடுத்த சோதனை. காலையில் தொட்டி வெப்பமானி பதினாறு டிகிரி காட்டியது. சாமந்தி மறுபடி மூடிக்கொண்டது. மிஞ்சிய நண்டு அசையவில்லை. நான் போர்வை சுற்றலாமா என்று யோசித்தபோது சமையலக்கா வகுப்பறையின் மறுபக்கச் சுவரைக் காட்டினார். "பூனை எங்க படுத்துனு கீது பாருங்க." சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அடுப்பு. தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, நான்கு பேராகத் தொட்டியைப் பூனையின் இடத்துக்கு நகர்த்தினோம். பூனை மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. குளிர்காலம் கடந்தது.

அடுத்த வைகாசியில் எனக்குக் கீழே மாறுதல் வந்தது. மிச்ச உயிர்களை மச்சான் வண்டியில் கடலுக்கே அனுப்பிவிடலாம் என்றேன்.

"எதுக்கு சார்? இங்க இன்னா கொறைச்சல்?" என்றார் சமையலக்கா. விட்டுவிட்டு வந்தேன். பழைய தண்ணீரைக் கொஞ்சம் மாற்றுவதற்காக, இன்றும் மாதம் ஒரு கேன் கடல்நீர் அதே பேருந்தில் ஏறுகிறது.

போன மாதம் ஒரு மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் பதறியது. "சார், பூ நடுவுல கிழியுது சார். ரெண்டு நாளா இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமா இழுத்துனு கீது. செத்துடுமா? நா ஒண்ணும் பண்ணல."

நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். சனிக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். சமையலக்கா பள்ளிக்கூட வாசலிலேயே நின்றிருந்தார், உள்ளே கூட்டிப்போனார். கல்லின் மேல் இரண்டு கடல் சாமந்திகள். ஒரு விரல் இடைவெளியில், இரண்டும் சற்றுச் சிறியவையாக, இரண்டும் முழுதாக விரிந்து. சில வகைகள் இப்படித் தங்களைப் பிளந்து இரண்டாகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது அப்போதுதான் முதல் தடவை.

"சாகலக்கா. பெருகியிருக்கு."

அவர் தரையில் உட்கார்ந்து கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். முகத்தை எடுக்காமலே கேட்டார்.

"இதுல எது சார் பழசு?"

தெரியவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஊறவைத்திருந்த சென்னாக்குனி இறால் கருவாட்டில் ஒன்றை எடுத்து இடப்பக்கத்துச் சாமந்தியின் மேல் விட்டார். பச்சை நூல்கள் மடங்கி அதை உள்ளே இழுத்தன. இன்னொன்றை எடுத்து வலப்பக்கம் விட்டார். அதுவும் வாங்கிக்கொண்டது.