அடுத்த கண்ணுக்கு ஒரு புள்ளி

கதை விடறதா இருந்தா ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, கரண்ட் கட்டுன்னு ஆரம்பிச்சிருப்பேன். இது அப்படி இல்லை. சாயங்காலம் நாலு மணி வாக்குல நடந்தது. நல்ல வெளிச்சம். கீழே தெருவுல பிள்ளைங்க சைக்கிள் ஓட்டிக்கிட்டிருந்தாங்க. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இதுல நான் ஒரு பொய் சொல்ற இடம் வரும். அது உங்ககிட்ட இல்லை. வரும்போது சொல்றேன்.

நான் ஓவியன். பார்த்ததைப் பார்த்தபடி வரையறவன். "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு"ன்னு யாராவது பாராட்டினா எனக்கு எரிச்சல் வரும், ஆனா சிரிச்சு வைப்பேன். விளம்பரப் போர்டு எழுதற வேலையை விட்டுட்டு ஒரு மாடி ரூமை வாடகைக்குப் பிடிச்சேன். என் மனைவி ஒரு வருஷம் கெடு கொடுத்தா.

"அதுக்குள்ள ஒரு கேலரியாவது உங்களைச் சேர்த்துக்கணும். இல்லேன்னா மறுபடியும் போர்டுதான். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பதினோரு மாசம் போனதே தெரியலை.

அந்த ரூம்ல வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல். எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்ல வெயில் பட்டு, மூணு நாற்பதுக்கு ரூமுக்குள்ள ஒரு மெத்துன்னு வெளிச்சம் வரும். நாலு பத்துக்குப் போயிடும். ஜன்னலுக்குக் கீழே வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன பிரம்பு நாற்காலி. "அது மட்டும் அங்கேயே இருக்கட்டும் தம்பி"ன்னு சொல்லியிருந்தார். இருந்துட்டுப் போகட்டும்னு அதையே வரைய ஆரம்பிச்சேன். தினமும் அந்த அரை மணி நேரம் மட்டும்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. கண்ணைப் பாதி மூடிப் பார்ப்போம். அப்போ நாற்காலி, ஜன்னல்ங்கற பேரெல்லாம் போயிடும். வெளிச்சத் திட்டு, இருட்டுத் திட்டு, அவ்வளவுதான் தெரியும். இந்தத் திட்டு என்னதுன்னு கேட்கக் கூடாது. கேட்டா, கண்ணுல படறதை விட்டுட்டு மனசுல இருக்கறதை வரைஞ்சிடுவோம்.

பதினோரு நாள் நான் கேட்கவே இல்லை.

பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை காலையில, பெரிய கேலரி நடத்தற மேடம் ஒருத்தங்க வந்தாங்க. ஊர்ல பாதி ஓவியர்கள் அவங்க வாசல்லதான் காத்துக் கிடக்கறாங்க. என் படங்களை எல்லாம், டாக்டர் ரிப்போர்ட் பார்க்கற மாதிரி ஒண்ணொண்ணா பார்த்தாங்க. நாற்காலிப் படத்துக்கிட்ட நின்னாங்க. அப்படியே பின்னாலேயே நடந்து கதவு வரைக்கும் போனாங்க.

"இந்த அம்மா யாரு?"

"எந்த அம்மா?"

"உட்கார்ந்திருக்காங்களே."

நான் சிரிச்சேன். அவங்க பக்கத்துல போய் நின்னு பார்த்தேன். சிரிப்பு நின்னு போச்சு.

கிட்டப் போனா வெறும் சாம்பல் திட்டு, பழுப்புத் திட்டு. ஆறடி தள்ளி நின்னா... நாற்காலியில ஒரு பொம்பளை. தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு.

"காலி நாற்காலியை யாரும் வாங்க மாட்டாங்க. இதை வாங்குவாங்க. முகத்தை முடிச்சிடுங்க. வியாழக்கிழமை நாலரைக்கு வண்டி வரும். படம் வந்தா மூணு வருஷ ஒப்பந்தம்."

கெடு முடிய மூணு வாரம்தான் இருந்தது. வேற என்னத்தைச் சொல்ல? "சரிங்க மேடம்"ன்னேன்.

போன்ல எடுத்த படத்தை மனைவிகிட்ட காட்டினேன். "யாரை உட்கார வெச்சு வரைஞ்சீங்க?"ன்னா. "யாரையும் இல்லை"ன்னேன். "ஆமாமா, யாரும் இல்லாமதான் இவ்வளவு அழகா தலை வாரிக்கிட்டு உட்கார்ந்திருக்காளாக்கும்"னு கிண்டல் பண்ணினா. அவளுக்கு ஒரே சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை.

செவ்வாய். மூணு நாற்பது. கண்ணை நல்லா திறந்து பார்த்தேன். காலி நாற்காலி. பாதி மூடினேன். திட்டுகள் இருந்தது. நெத்தி இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே புதுசா ஒரு வெளிச்சக் கீத்து. முந்தின நாள் அது இல்லை. அப்படின்னா தலை கொஞ்சம் நிமிர்ந்திருக்கு. அதையும் வரைஞ்சேன்.

புதன். மூணு நாற்பத்தேழு.

க்ரீச்...

பிரம்பு சத்தம். சட்டுன்னு கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை. ஆனா நாற்காலியோட நடுவுல பிரம்பு கீழே அழுந்தியிருந்தது.

ஏன்யா ஓடலைன்னு கேப்பீங்க. ஓடினா போர்டு எழுதத்தான் ஓடணும். எனக்கு அந்தப் பயம் இதைவிடப் பெருசா இருந்தது. மூக்கையும் வாயையும் முடிச்சுட்டுத்தான் எழுந்தேன்.

வியாழன். மீதி இருந்தது கண்ணு மட்டும். கருவிழி மேல கடைசியா ஒரு வெள்ளைப் புள்ளி வைப்போம். அது வைக்கற வரைக்கும் முகம் வெறும் பொம்மைதான். வெச்சா உயிர் வந்துடும்னு சொல்வோம். சும்மா பேச்சுக்குச் சொல்றது.

நாலு மணி. கண்ணைப் பாதி மூடினேன்.

முகம் முழுசா நிமிர்ந்திருந்தது.

என்னைப் பார்த்து.

நாலு அஞ்சு. இடது கண்ணுல புள்ளி வெச்சேன்.

க்ரீச்...

ஹ்ஹ்ஹா...

ரொம்ப நேரம் மூச்சடக்கினவங்க விடற மூச்சு.

கண்ணைத் திறந்தேன்.

காலி நாற்காலி. ஒரு முழம் கிட்ட வந்திருந்தது.

பிரஷ் எங்க விழுந்ததுன்னு தெரியாது. வாசல்ல போய் உட்கார்ந்தவன்தான், நாலரைக்கு வண்டிக்காரர் வந்த பிறகுதான் மேல ஏறினேன். அவர் காயாத படத்தைப் பத்திரமா தூக்கிக்கிட்டுப் போனார். அந்த நாற்காலி என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கற மாதிரி இருந்தது. தாங்க முடியலை. காலாலேயே தள்ளி, சுவர் பக்கமா திருப்பி வெச்சேன். ரூமைப் பூட்டினேன். அதுக்கு இருக்கற ஒரே சாவி என்கிட்டதான்.

மறுநாள் ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. என் மனைவி அந்தக் காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். அவ அழுதது வேற, நான் அழுதது வேற.

சனிக்கிழமை மேடம் போன் பண்ணினாங்க. "ஒரு கண்ணுல புள்ளி இல்லையே? வாங்கறவர் அதையே சொல்லிக்கிட்டிருக்கார். வந்து வெச்சுட்டுப் போங்க." நாளைக்கு, நாளைக்குன்னு ரெண்டு நாள் இழுத்தேன்.

திங்கட்கிழமை காலையில, ரூமே வேண்டாம்னு சாவியைக் கொடுக்கப் போனேன். வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கிட்டிருந்தார். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன் தம்பி. எங்க அக்கா கண்ணு திறந்துட்டா! அவ இருந்த ரூம்தான் அது. நாலு வருஷம் முன்னாடி அந்த நாற்காலியில உட்கார்ந்தபடியே மயங்கினவ. அன்னையிலிருந்து நினைவே இல்லாம கிடந்தா."

நாற்காலியில வந்தது யாரோ செத்தவங்கன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"எப்போ... திறந்தாங்க?"

"வியாழக்கிழமை. நாலு அஞ்சுக்குன்னு நர்ஸ் எழுதி வெச்சிருக்காங்க. ஆனா ஒண்ணு தம்பி. இடது கண்ணு மட்டும்தான். மூடவே மாட்டேங்குது. தூங்கறப்பவும் மூடலை."

அந்த இடத்துலேயே மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், அந்தக் கண்ணை அப்படியே விட்டுடுங்க. யாரும் தொட வேண்டாம்."

"அட, அதுக்கா கூப்பிட்டீங்க? நீங்க வர்ற மாதிரி தெரியலை. நானே வெச்சுட்டேன். நானும் ஒரு காலத்துல பிரஷ் பிடிச்சவதான். இதோ, இப்பத்தான் கை கழுவறேன்."

அப்போ மணி பதினொண்ணு இருபது.

வீட்டுக்காரரோட போன் அடிச்சுது. கேட்டுக்கிட்டே இருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு.

"அடுத்த கண்ணும் திறந்துடுச்சாம்... பேசறாளாம்."

"என்ன பேசறாங்க?"

"புரியலை தம்பி. 'யாரு என்னைச் சுவர் பக்கம் திருப்பி வெச்சது?'ன்னு கேக்கறாளாம். கட்டில் நடு ரூம்லதான் இருக்கு..." என் கையில இருந்த சாவியைப் பார்த்தார். "அந்த நாற்காலியை ஏதாவது திருப்பி வெச்சீங்களா?"

"இல்லையே"ன்னேன்.

அதுதான் அந்தப் பொய்.