பெயர் சொல்ல ஆளில்லாத பாட்டுக்குழு

புருல்சாவின் குரலைக் கேட்காதவர் கோச்கோர் ஊரில் யாரும் இல்லை. ஆறு வருடமாக பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில், "நரின் போற வண்டி கிளம்பப் போகுது, சீக்கிரம் ஏறுங்க" என்று சொல்வது அவள்தான். அந்தக் குரல் பாடவும் செய்யும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நோரூஸ் என்னும் வசந்தத் திருநாளன்று ஊர்ச் சதுக்கத்து மேடையில் ஒரே ஒரு முறை பாட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

குழு என்று யாரும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. கரண்ட் போன ஒரு குளிர்கால மாலையில், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அக்கார்டியனை அவள் விரித்தாள். கணவன் தாலாய் மூன்று தந்தி கோமுஸை எடுத்தான். மாமனார் மாவு பிசையும் தொட்டியைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். டீ குடிக்க வந்த தோழி ஜிபார்குல் வீட்டுக்கு ஓடிப்போய் கிடாரோடு திரும்பினாள். புருல்சாவின் மாமனாருடைய தம்பி மகனைக் கட்டியவள் அவள். மாமியார் உல்கான் மட்டும், "இந்தச் சத்தத்துல மாவு எப்படிப் பொங்கும்?" என்று கத்திக்கொண்டே ரொட்டி சுட்டுப் போட்டாள். தொட்டி உடைந்த பிறகு மாமனார் நிஜமாகவே ஒரு முரசு வாங்கிவந்தார்.

நோரூஸ் மேடைக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கியது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கப் போனவர் மாமனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"குழுவுக்கு நல்ல பேரா வச்சிட்டேன்."

"என்ன பேரு மாமா?"

"என் பேருதான்!"

புருல்சா மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வதாவது? பால்காரருக்கும் அதே பெயர் என்பதால், அவரைக்கூட அவள் 'வெள்ளைக் குதிரைக்காரர்' என்றுதான் சொல்லி வந்தாள்.

"மேடையில பேரைச் சொல்லணுமே, அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"வேற யாராவது சொல்லட்டும். உன் வாயில அது வந்துச்சு, அக்கார்டியன் அடுப்புக்குள்ள போகும்."

தேர்வு நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. நால்வரும் மேடை ஏறினார்கள். தலைநகரிலிருந்து வந்திருந்த நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"குழுவின் பெயர்?"

புருல்சா மைக்கைத் தோழியிடம் நீட்டினாள்.

"ஏய், நானும் அந்த வீட்டு மருமகதான்டி!" ஜிபார்குலின் கிசுகிசுப்பு ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. முன்வரிசைப் பெண்கள் முக்காட்டுக்குள் குலுங்கிச் சிரித்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் அந்த வம்சத்து மருமகள்கள்.

மைக் தாலாயிடம் போனது. அவன் தன் கல்யாணத்திலேயே தலையை மட்டும் ஆட்டியவன். ஒரு இருமல் வந்தது, வேறொன்றும் வரவில்லை. மாமனார் வாங்கினார். வீட்டில் கூரை அதிரப் பேசும் மனிதருக்கு மைக்கைப் பிடித்ததும் காற்றுதான் வந்தது. "ஷ்... ஷ்..." என்றார். யாரையோ பேசாமலிருக்கச் சொல்கிறார் என்று நினைத்து அரங்கமே அமைதியானது.

"ஷர்ஷென்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எடுத்துக் கொடுத்தார்.

"வெளியாள் சொல்லக் கூடாது. தாளில் இருந்தாலும் குழுவில் ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத குழுவை எப்படி எடுப்பது? பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறேன்," என்று நடுவர் பேனாவைத் திறந்தார்.

"சொல்லும்மா, நான் சொல்றேன்ல," என்று மைக்கை அவள் கையில் திணித்தார் மாமனார். புருல்சா வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருடமாக ஒதுக்கிவைத்த பெயர் தொண்டைக்கு வந்து, அங்கேயே நின்றது. அனுமதி கிடைத்தும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது வரிசையில் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. உல்கான் எழுந்து நின்றிருந்தாள்.

"ஷர்ஷென்! ஷர்ஷென் குழு! எழுதிக்கோய்யா!"

நாற்பத்தொரு வருடத்தில் புருஷன் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. அரங்கத்தில் கூரை பிய்த்துக்கொண்டது போல் சிரிப்பு.

"நீங்க யாரும்மா? வெளியாள்தானே?"

"வெளியாளா? குளிர் முழுக்க இதுங்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டவ நான்! எனக்கில்லாத குழுவா?"

"உங்க வாத்தியம்?"

"இந்த வாய்தான்."

நடுவர் சிரிப்பை அடக்கிப் பார்த்து, தோற்று, நான்கு பேர் என்றிருந்ததை ஐந்து என்று திருத்தி எழுதினார். "பாடுங்கள்," என்றார்.

புருல்சா அக்கார்டியனை விரித்தாள். தாளம் வரவில்லை. மாமனார் முரசின் மேல் குச்சியை ஓங்கியபடி, மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் கல்யாண மாப்பிள்ளையுடையது போலச் சிவந்திருந்தது.

"என்ன பாக்குறீங்க?" என்று உல்கான் கத்தினாள். "முரசைக் கொட்டுங்க!"

கொட்டினார். இரண்டு மடங்கு வேகத்தில். பாட்டு அவர் பின்னால் மூச்சிரைக்க ஓடியது. வேகத்தைக் குறை என்று சொல்ல நேரமில்லாமல், சிரித்துக்கொண்டே, புருல்சா பாடினாள்.