இட்லித் துணி அடைத்த துப்பாக்கி

குழலுக்குள் விட்ட ராடு முழுசாக இறங்கவில்லை. முக்கால் பாகம் போய், மெத்தென்ற எதிலோ முட்டி நின்றது. பேரல் வாய்க்கு நேராக இருந்த என் முகத்தைச் சட்டென்று விலக்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் சிவாஜிநகரில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் எனக்கு ரிப்பேர் வேலை. பழைய துப்பாக்கிகளுக்குள் என்னென்னவோ கிடைக்கும். தோளில் வைக்கும் கட்டையின் அடித்தகட்டைக் கழற்றினால் தாயத்து, மூக்குத்தி, ஒருமுறை குழந்தையின் பால்பல். "இவங்களுக்கெல்லாம் பேங்க்ல லாக்கர் குடுக்கமாட்டாங்களா?" என்பார் முதலாளி பாய். அதெல்லாம் சிரித்து மறந்தது. இது மறக்கவில்லை.

ஆனேக்கல் பக்கத்து விவசாயி ஒருத்தன், பன்றி விரட்ட வைத்திருந்த ஒற்றைக்குழலைக் கொண்டுவந்தான். வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற ரகம். மனைவியும் கூட வந்திருந்தாள். வெடிக்க மாட்டேன் என்கிறது, பாருங்கள் என்றான். உள்ளே மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். "காலி" என்றான். எங்கள் ஊரில் கன்னடம், உருது, தமிழ் மூன்றுக்கும் அது ஒரே வார்த்தை. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அப்புறம்தான் ராடு நின்றது. ட்ரிகரை இழுத்தால் வந்து அடிக்கிற குதிரையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு வெடித்துக் கருகியிருந்தது. யாரோ ட்ரிகரை இழுத்திருக்கிறார்கள்.

"காலி இல்லையேம்மா" என்றேன். அவள் முதலில் வாசலைப் பார்த்தாள்.

"இட்லித் துணிண்ணா. நல்லா ஈரமா அடைச்சி வச்சேன். நேத்து அமுக்கிட்டாரு. அத எடுக்காதீங்க."

"எடுக்காம எப்படிம்மா?"

"அத நீங்க காலி பண்ணிட்டீங்கன்னா நான் காலி."

யாரைப் பார்த்து அமுக்கினான் என்று நான் கேட்கவில்லை. சுத்தம் செய்து கொடுத்தால் இவள் போவாள். அப்படியே கொடுத்தால், துணி காய்ந்தபின் குழல் பிளந்து யார் போவார்கள் என்று சொல்லமுடியாது. உள்ளே போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் வந்து கருகிய கேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குள் புருஷன் வந்துவிட்டான்.

"பேரல்ல க்ராக் இருக்கு. சுட்டா உன் மூஞ்சி போயிடும்" என்றார் பாய். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தால் தன் லைசென்ஸும் போகும், இங்கேயே இருக்கட்டும் என்றார்.

"எங்க க்ராக்கு? காட்டு."

க்ராக்கே இல்லை. பாய் என்னைப் பார்த்தார். குழல் செய்தபோதே விழுந்த ஒட்டுக்கோடு ஒன்று அடியில் இருந்தது. அதைக் காட்டினேன். அவன் நகத்தால் தடவினான். நகம் மாட்டியது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"நீ ஏதாச்சும் தொட்டியா?"

"எனக்கு அத எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாது" என்றாள்.

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு ரசீதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

குழலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, திருகுக் கம்பியால் இழுத்தோம். மஞ்சளேறிய துணி வந்தது. அதன் பின்னால் குண்டாகப் போட்ட கைநிறைய சைக்கிள் பால்ரஸ், ஊறிப்போன மருந்து. பாய் அப்போதே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். கேப்பையும் துணியையும் காட்டி, அவள் சொன்னதையும் சொல்லித் துப்பாக்கியை ஒப்படைத்தோம். அது ஆனேக்கலுக்குத் திரும்பிப் போகவில்லை. அவள் போனாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, யார் காலி என்று சொன்னாலும் ராடு போடுங்கள். ராடு நின்றுவிட்டால், அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் கடையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.