தார் ரோட்டில் ஏறியதும் வரும் சத்தம்

விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். தார் ரோட்டிலிருந்து ஷெட்டுகளுக்குப் போக ஒன்றரை மைல் கரிசல் பாதை. மழை பெய்துவிட்டால் அந்த மண் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி, லீவரைப் போட்டு நாலு வீலுக்கு மாற்றினால்தான் வண்டி நகரும். என் மனைவி அங்கேதான் வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள்.

சாயங்காலம் வேலை முடிந்த ஆமத்தூர்ப் பெண்களை ஊரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. தார் ரோட்டில் ஏறியதும் திரும்ப இரண்டு வீலுக்கு மாற்ற வேண்டும். என் கிழட்டு ஜீப்பில் அது லேசில் நடக்காது. கெட்டி ரோட்டில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை விட்டு, வண்டி உருள உருள லீவரை இழுத்தால், முறுக்கு விட்டு அடியில் டம்மென்று ஒரு சத்தம் வரும்.

முதல் தடவை அது கேட்டபோது பின்னால் பேச்சு அறுந்துபோனது. இரண்டு பேர் ஓடும் வண்டியிலிருந்து குதித்துவிட்டார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, ஷெட்டுகளுக்கு மேலே வானத்தைத்தான் பார்த்தார்கள்.

"பயப்படாதீக, வண்டிதான் இருமுது" என்றேன்.

மழைநாள் தோறும் அதையே சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். பிறகு சத்தம் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அண்ணன் வண்டிக்குச் சுக்குக் கசாயம் குடுங்க" என்று சிரிப்பார்கள். பயத்தைப் போக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. அறிவுகெட்ட பெருமை.

புரட்டாசி மாதம், சீசன் நேரம். அன்று மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் கேட்டில் நின்று மனைவி சொன்னாள்: "ஒரு லோடு பாக்கி இருக்கு. இவுகள விட்டுட்டு வாங்க, அடுத்த நடையில வாரேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டேன். இந்தச் சேற்றில் இன்னொரு நடையா என்ற எரிச்சல்.

தார் ரோட்டில் ஏறினேன். ஸ்டியரிங் கனத்தது. வண்டி நாலு வீலில் முக்கிக்கொண்டே உருண்டது. டம்மென்று கேட்டது.

பின்னால் சிரித்தார்கள். "என்னண்ணே, இன்னைக்கு இருமல் அம்புட்டுப் பலமா இருக்கு?" என்றாள் ஒருத்தி.

என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. லீவரை நான் இன்னும் தொடவே இல்லை.