பின்சீட் இல்லாத வண்டி

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஏறும் சாலையில் போன வாரம் எனக்கு முன்னால் ஒரு லாரி திணறி நின்றுவிட்டது. இரண்டு தடவை உறுமி, மூன்றாவது தடவை நகர்ந்தபோது, கண்ணாடியை ஏற்றியிருந்தும் கருகிய கிளட்ச் வாடை என் காருக்குள் வந்தது. சிலருக்கு மல்லிகை வாசம் எதையாவது நினைவுபடுத்தும். எனக்கு இதுதான் கொடுப்பினை. இந்த வாடை வந்தால் ஜீப்பு டிரைவர் சம்பத்தும் அவர் வாங்கிய சிவப்புக் காரும் கூடவே வந்துவிடுவார்கள்.

அப்போது நான் ஒரு நாளிதழின் திருப்பத்தூர் நிருபர். வாரம் ஒருமுறை வாகனப் பக்கமும் என் தலையில் விழும். கம்பெனிகள் அனுப்பும் குறிப்புகளைத் தமிழாக்கி, ‘சீறிப் பாய்கிறது’ என்று தலைப்பு வைப்பேன். சீறிப் பாய்ந்த எதையும் நான் ஓட்டியதில்லை. என்னிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். இறக்கத்தில் மட்டும் அதுவும் சீறும். மலைச் செய்திகளுக்குச் சம்பத்தின் ஜீப்பைத்தான் நம்பியிருந்தேன்.

அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் கேட்டதில்லை. வழியில் கை காட்டினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். கை காட்டியவரை விட்டுவிட்டுப் போகும் டிரைவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு மலைக்காரர்கள் யோசித்துத்தான் போவார்கள். புளி மூட்டை, பலாப்பழம், ஆடு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர் என எல்லாம் ஏறும். சம்பத்தின் மனைவி கௌரி திருப்பத்தூரில் முன்சீட்டில் உட்கார்ந்துதான் கிளம்புவார். அடிவாரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறுவாள். கௌரி பின்னால் போவார். அடுத்து ஒரு கிழவர் ஏறுவார். கௌரி எழுந்து நிற்பார். கடைசியில் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வீடு போய்ச் சேருவார்.

ஒருநாள் சம்பத் என் அலுவலகத்துக்கு வந்தார்.

“சார், பழைய ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணு வாங்கலாம்னு கீறேன்.”

டீ எனக்குப் புரையேறியது. “எதுக்குங்க?”

“வேற யாரும் ஏற முடியாத வண்டி வேணும் சார். கௌரி ஒரு தபாவாச்சும் வூடு வரைக்கும் உக்காந்து வரணும்.”

அடிவாரத்தில் சாலைக்குப் போன நிலத்துக்கு அவருக்கு இழப்பீடு வந்திருந்தது. பெங்களூரிலிருந்து பழைய கார்களை ஓட்டிவந்து விற்கும் தரகர் ஒருவரிடம் அப்போது இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றிருந்தன. கருப்பில் சின்ன டர்போ இன்ஜின். சிவப்பில் பெரிய இன்ஜின், டர்போ இல்லை. வாகனப் பக்கம் எழுதுகிறவன் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கௌரியும் வந்திருந்தார்.

நான் மும்முரமாக இறங்கினேன். சின்ன இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவு, இன்சூரன்ஸும் குறைவு. ஆனால் மேடேறி வந்ததும் சட்டென்று அணைக்கக் கூடாது, டர்போவைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும். அது கெட்டால் செலவு பெரிது. பெரிய இன்ஜினில் அந்தத் தொல்லை இல்லை. அது மலையைச் சிரமப்படாமல் ஏறும், பெட்ரோலை மோர் மாதிரி குடிக்கும். இரண்டுக்குமே டயர் திருப்பத்தூரில் கிடைக்காது. இரண்டுமே கர்நாடகப் பதிவு என்பதால் இங்கே மறுபடி சாலை வரி கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, “கருப்பு” என்றேன்.

சம்பத் காதில் வாங்கவில்லை. கருப்பு வண்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டுகளுக்குப் பின்னால் பெயருக்கு ஒரு குட்டி சீட் இருந்தது.

“இதுல ஆடு உக்காரும் சார்.”

“கொழந்தகூட உக்கார முடியாதுங்க. சும்மா பேருக்கு வச்சது” என்றார் தரகர்.

“எங்க ஊர் ஜனங்கள உனக்குத் தெரியாதுபா. நாலு பேரு உக்காருவாங்க.”

கௌரி சிரித்துவிட்டார். “அண்ணா, இவருக்கு இல்லன்னு சொல்ல வாய் வராது. அதுக்குப் பதிலா வண்டி வாங்குறாரு.”

“நீ மட்டும் சொல்லிக் கிழிச்சிடுவியா?”

பின்சீட் இல்லாத சிவப்பையே வாங்கினார். மைலேஜைக் காட்டிக் கடைசியாக ஒருமுறை தடுத்துப் பார்த்தேன். “குடிக்கட்டும் சார். குடிக்க மட்டும்தான செய்யும், வேற யாரையும் ஏத்தாது இல்ல” என்றார்.

ஜீப்பைத் தம்பியிடம் கொடுத்திருந்தார். முதல் பயணத்தில் கார் முன்னால் போக, நான் தம்பியோடு ஜீப்பில் பின்னால் போனேன். பாதி மலையில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். பழக்கத்தில் கை காட்டினாள். சிவப்புக் காரும் பழக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. இறங்கியது கௌரி. அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஆள் நிறைந்திருந்த எங்கள் ஜீப்பின் பின்படியில் வந்து ஏறிக்கொண்டார்.

“இன்னா பண்றது அண்ணா? தூங்குற புள்ளைய தூக்கினு எவ்ளோ நேரம் நிப்பா?”

அடுத்த வாரம் கண் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர். அதற்கடுத்த வாரம் பலாப்பழத்தோடு ஓர் அத்தை. கௌரி ஒருமுறைகூட பாதி மலையைத் தாண்டி அந்தக் காரில் போகவில்லை.

“ஜீப்புல இருவது பேர ஒரே தபாவுல ஏத்தினு போவேன் சார். இப்ப ஒவ்வொருத்தரா ஏத்துறேன்” என்றார் சம்பத். குரலில் அலுப்பு.

மேட்டில் ஒவ்வொரு கைக்கும் நின்று நின்று கிளம்பியதில் கிளட்ச் கருகியது. என் ஒப்பீட்டில் இன்சூரன்ஸ் இருந்தது, டயர் இருந்தது, வரி இருந்தது; கை காட்டுகிறவர்கள் இல்லை. புதிய கிளட்ச் பெங்களூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். சொன்ன விலையைக் கேட்டதும் சம்பத் சாவியைத் தரகரிடமே திருப்பிக் கொடுத்து, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அந்த லாரி ஒருவழியாக ஒதுங்கி வழிவிட்டது. நான் மேலே சம்பத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் இப்போது எதையும் ஓட்டுவதில்லை. முட்டி போய்விட்டது. ஜீப்பும் இல்லை. மலையில் வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டது. பஸ்ஸும் முன்னைக்குப் பரவாயில்லை.

என் காரைச் சுற்றி வந்து, “வழியில யாராச்சும் கை காட்டுனாங்களா சார்?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லைங்க.”

பின்சீட்டை எட்டிப் பார்த்தார். பழைய பேப்பர்கள் மட்டும் கிடந்தன.

கௌரி காபி டம்ளரை நீட்டினார். “இப்ப இருக்கணும் அண்ணா அந்தச் செவப்பு வண்டி. வூடு வரைக்கும் உக்காந்துனே வந்துருப்பேன்.”