கேக் வெட்டத் தகுதியுள்ளவர்

எங்கள் தெரு நலச்சங்கம் ஊருக்குப் பிறந்தநாள் கொண்டாட முடிவு செய்தது. புதுச்சேரி எந்தத் தேதியில் தோன்றியது என்பதில் ஆளுக்கொரு கட்சி. கடைசியில், மண்டபம் வாடகையில்லாமல் கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தோன்றியது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். சங்கத்தின் செயலாளர் நான்.

கேக்கை யார் வெட்டுவது என்பதில்தான் தகராறு. எதிர்வீட்டுக்காரர் வாய்விட்டே கேட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. குடியுரிமையும் பென்ஷனும் பிரான்சுடையவை.

"எழுபத்தஞ்சு வயசாச்சு சார். இந்தத் தெருவுல ஒருத்தரும் என்னை ஊர்க்காரன்னு சொன்னதில்ல. ஒருவாட்டி நான் வெட்டிக்கிறேனே" என்றார்.

முப்பது வருடமாக அவரை "என்ன பிரெஞ்சுக்காரரே" என்று கூப்பிட்டு வருபவன் நான்தான். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஒரு விதி கொண்டுவந்தேன்: இந்த ஊரிலேயே பிறந்தவர்களில் மூத்தவர்தான் வெட்ட வேண்டும், பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அவருடைய அப்பா வியட்நாமில், சைகோனில் வேலை பார்த்தது தெருவுக்கே தெரியும். மகனும் அங்கேதான் பிறந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்குப் போய் என் சான்றிதழைத் தேடி எடுத்தபோதே வியர்த்துவிட்டது. விழுப்புரம்! கூட்டத்தில் பார்த்தால் தலைவர் திண்டிவனம், பொருளாளர் கடலூர். எங்கள் அம்மாக்கள் அத்தனை பேரும் வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறார்கள். நாங்கள் மூன்று மாதக் குழந்தைகளாக இங்கே வந்து இறங்கி, மண்ணின் மைந்தர்களாகிவிட்டோம். இங்கேயே பிறந்தவர்களும் தெருவில் உண்டு, ஆனால் எல்லாரும் நாற்பதுக்குக் கீழே.

சொல்தா கடைசியாகத் தன் காகிதத்தை நீட்டினார். பிரெஞ்சில் இருந்தது, ஊர்ப் பெயரை மட்டும் எல்லோராலும் படிக்க முடிந்தது.

"எங்கம்மாவும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வூட்டுக்குத்தான் வந்தாங்க சார். சைகோன்லேர்ந்து கப்பல் ஏறி. அவங்க தாய்வூடு இந்தத் தெருதான்."

ஞாயிற்றுக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கேக்கை வெட்டும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. எங்காவது தூணுக்குப் பின்னால் நிற்கலாமென்று நகர்ந்தேன். அவரோ முதல் துண்டை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, நேராக என்னிடம் வந்தார்.

"மொதல்ல நீங்க சாப்டுங்க சார். வெளியூர்லேர்ந்து வந்திருக்கீங்க."